திரையைத் தமிழுக்குத் திருப்புவோம்

புதிதாகக் கணினி வாங்குகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, "எந்தச் செயலியைப் போட்டால் வேலை கெதியாக முடியும்?" என்பதைத்தான். நாட்காட்டிக்கு ஒன்று, குறிப்பெடுக்க ஒன்று, செய்ய வேண்டியவற்றைப் பட்டியலிட ஒன்று என்று பரிந்துரைகளுக்கும் குறைவில்லை. ஆனால் யாழ்ப்பாணத்தில் தமிழில் வாசித்துத் தமிழில் எழுதி வேலை செய்கிறவருக்கு அந்தக் கேள்வி இரண்டாவதாகத்தான் வரவேண்டும். வினாத்தாள் தயாரிக்கும் ஆசிரியர், பிரதேச செயலகத்தில் கடிதம் எழுதும் உத்தியோகத்தர், அச்சகத்தில் அந்தியேட்டிக் கல்வெட்டு எனப்படும் நினைவு வெளியீட்டுக்குப் பக்கம் அமைப்பவர், பல்கலைக்கழகத்தில் ஆய்வேடு எழுதும் மாணவி ஆகிய எல்லோரும் நாள் முழுவதும் பார்ப்பது தமிழ் எழுத்தை. அவர்கள் முன்னால் இருக்கும் இயந்திரமோ கடையில் இருந்து வந்தபோது ஆங்கில எழுத்துக்கும் வேறு நாட்டு அலுவலக வெளிச்சத்துக்கும் ஏற்ப அமைக்கப்பட்டிருக்கிறது. பலர் அதை அப்படியே வைத்துப் பாவிக்கிறார்கள். அந்த அமைப்பைத் தமிழ் எழுத்துக்கும், நம் விரலுக்கும், நம் வீட்டு வெளிச்சத்துக்கும் ஏற்பத் திருத்துவதைவிடப் பெரிய பயன் தரும் செயலி எதுவும் இல்லை என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

முதலில் கண்ணை எடுத்துக்கொள்வோம். திரையில் தெரியும் எழுத்து, பிக்சல் எனப்படும் நுண்ணிய ஒளிப்புள்ளிகளால் ஆனது. விண்டோஸ் கணினியில் திரையின் அளவுவிகிதம் நூறு வீதத்தில் இருக்கும்போது 12 புள்ளி எழுத்துக்குக் கிடைப்பது 16 பிக்சல் உயரம். ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் பெரும்பாலானவை ஒரு கோடு, ஒரு வட்டம் என்று எளிமையானவை. அந்த உயரத்தில் அவை தெளிவாகவே நிற்கும். தமிழில் அந்த 16 பிக்சலுக்குள் மேலே இகர, ஈகார விசிறிக்கும் மெய்யின் புள்ளிக்கும் இடம் வேண்டும். கீழே உகர, ஊகாரத்துக்கு இடம் வேண்டும். எழுத்தின் உடலுக்கு எஞ்சுவது கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்துக்குள் இரு சுழி னகரமும் மூன்று சுழி ணகரமும் வேறுபட்டுத் தெரிய வேண்டும். சுழிக்கும் சுழிக்கும் இடையே ஒரு வெள்ளைப் பிக்சல் கிடைக்காவிட்டால் இரண்டும் ஒரே கறுப்புத் திட்டாகிவிடும். அப்போது வாசகர் எழுத்தைப் பார்த்து அறிவதில்லை, சொல்லை ஊகித்து அறிகிறார். பழகிய சொல்லில் அந்த ஊகம் பலிக்கும். பிழை திருத்தும் வேலையில் அதுவே குழியாக மாறும். 'கன்னி' என்று தட்டச்சானதைக் 'கண்ணி' என்றே வாசித்துக் கடந்துவிடுவோம். ரகரமும் துணைக்காலும், ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் இப்படித்தான் தப்பிவிடுகின்றன.

இன்றைய மடிக்கணினிகள் இந்தச் சிக்கலை ஒரு பக்கம் குறைத்து, மறுபக்கம் கூட்டியிருக்கின்றன. 24 அங்குல மேசைத் திரையில் 1920க்கு 1080 பிக்சல் இருந்தால் ஓர் அங்குலத்துக்கு ஏறத்தாழ 92 பிக்சல். அதே எண்ணிக்கை 14 அங்குல மடிக்கணினியில் இருந்தால் அங்குலத்துக்கு ஏறத்தாழ 157. புள்ளிகள் நெருங்குவதால் எழுத்து கூர்மையாகத் தெரியும்; ஆனால் அளவுவிகிதத்தை நூறு வீதத்தில் விட்டால் அதே எழுத்து மேசைத் திரையில் இருந்ததில் ஐந்தில் மூன்று பங்காகச் சுருங்கிவிடும். எனவே செய்ய வேண்டிய முதல் திருத்தம், விண்டோஸ் அமைப்புகளில் திரைப் பகுதிக்குச் சென்று அளவுவிகிதத்தை 125 அல்லது 150 வீதமாக்குவது. திரையின் பிக்சல் எண்ணிக்கையைக் குறைத்து எழுத்தைப் பெரிதாக்கும் பழைய வழக்கத்தைக் கைவிட வேண்டும். அது எழுத்தைப் பெரிதாக்கும்போதே மங்கவும் செய்யும். அடுத்தது எழுத்துரு. விண்டோஸோடு வரும் நிர்மலா யூஐ, கூகுளின் இலவச எழுத்துருவான நோட்டோ சான்ஸ் தமிழ் ஆகியவை திரை வாசிப்புக்கு உகந்தவை. பயர்பாக்ஸ் உலாவியின் எழுத்துரு அமைப்பில் தமிழுக்கென்று தனியாக எழுத்துருவையும் ஆகக் குறைந்த அளவையும் குறிக்க முடியும். அங்கே 17 அல்லது 18 என்று கொடுத்துவிட்டால் தமிழ்ச் செய்தித் தளங்கள் எல்லாமே வாசிக்கத்தக்க அளவில் வரும். லிபர் ஆபீஸிலும் தமிழுக்கான எழுத்துரு ஆங்கிலத்துக்கானதில் இருந்து வேறாகவே அமைக்கப்படுகிறது. ஆங்கில எழுத்துருவை மாற்றிவிட்டுத் தமிழ் மாறவில்லையே என்று திகைப்பவர்கள் பார்க்க வேண்டிய இடம் அதுதான். வரி இடைவெளியை ஒன்றரையாக வைத்தால் மேல்வரியின் ஊகாரமும் கீழ்வரியின் ஈகாரமும் முட்டிக்கொள்ளா.

எழுத்தைப் பெரிதாக்கினால் திரையில் கொள்ளும் வரிகள் குறையும், உருட்டிக்கொண்டே இருக்க வேண்டும், வேலை தாமதமாகும் என்று ஒரு மறுப்பு வரும். அது நியாயமான மறுப்புத்தான். ஆனால் வாசிப்பின் வேகத்தைத் திரையில் எத்தனை வரி இருக்கிறது என்பது தீர்மானிப்பதில்லை. கண் ஒரு சொல்லில் எத்தனை முறை திரும்பி வந்து நிற்கிறது என்பதே தீர்மானிக்கிறது. மூலத்தைப் பார்த்துப் பெயர்க்கிறவர், பழைய கோப்பைப் பார்த்துப் புதிய கடிதம் எழுதுகிறவர் போன்ற, இரண்டு பக்கங்களை அருகருகே வைக்க வேண்டியவர்களுக்கு விண்டோஸ் விசையோடு இடது அல்லது வலது அம்புக்குறியை அழுத்தினால் போதும்; திரை இரண்டு சரிபாதியாகப் பிரிந்து நிற்கும். வாசகருக்காக இடத்தைச் செலவழிப்பது யாழ்ப்பாணத்துக்குப் புதிய பழக்கமும் அல்ல. ஆறுமுக நாவலர் 1849இல் சென்னைக்குச் சென்று அச்சியந்திரம் வாங்கிவந்து வண்ணார்பண்ணையில் அச்சுக்கூடம் நிறுவினார். அவருடைய உரைநடை நூல்களில் புணர்ச்சியைப் பிரித்துச் சொற்களுக்கு இடைவெளி கொடுத்தார். காற்புள்ளி, அரைப்புள்ளி போன்ற குறிகளைக் கையாண்டார். கடதாசியும் மையும் எளிதில் கிடைக்காத காலத்தில், பிள்ளைகள் தடங்கலின்றி வாசிக்க வேண்டும் என்பதற்காகப் பக்கத்தில் வெள்ளை இடம் விட்டவர் அவர். கடதாசிச் செலவே இல்லாத திரையில் நாம் எழுத்தை நெருக்கிக்கொண்டிருப்பதற்குக் காரணம் ஏதும் இல்லை.

அடுத்தது வெளிச்சம். பலரும் இன்று இருண்ட பின்னணியில் வெள்ளை எழுத்தைக் கண்ணுக்கு நல்லது என்று நம்பி அமைக்கிறார்கள். ஜெர்மனியில் இளையோரையும் முதியோரையும் வைத்து நடத்தி 2013இல் வெளியான ஆய்வு ஒன்று இதற்கு மாறான முடிவைத் தந்தது: வெளிர் பின்னணியில் கறுப்பு எழுத்து இருந்தபோதே இரு தரப்பினரும் பிழை திருத்துவதில் சிறப்பாகச் செய்தார்கள். வெளிச்சம் கூடும்போது கண்பாவை சுருங்குகிறது, விழித்திரையில் படும் உரு கூர்மையாகிறது என்பதே விளக்கம். சுழிகள் நிறைந்த எழுத்துக்கு இந்தக் கூர்மை மிகத் தேவை. இரவில் விளக்கணைத்த அறையில் சிறிது நேரம் வாசிக்க இருண்ட பின்னணி வசதியாக இருக்கலாம். பகல் வேலைக்கு அது பொருந்தாது. நீல ஒளியைத் தடுக்கும் கண்ணாடிகளும் அப்படித்தான். அவை கண் களைப்பைக் குறைப்பதாகத் தெரியவில்லை என்று 2023இல் வெளியான காக்ரன் மீளாய்வு கூறியது. களைப்புக்கு முக்கிய காரணங்கள் வேறு: திரையைப் பார்க்கும்போது நாம் கண் சிமிட்டுவது வழமையில் பாதிக்கும் கீழே குறைந்துவிடுகிறது, நெடுநேரம் ஒரே தூரத்தில் பார்வை நிலைத்து நிற்கிறது. 20 நிமிடத்துக்கு ஒருமுறை 20 அடி தள்ளியுள்ள பொருளை 20 விநாடி பார்க்கும்படி கண் மருத்துவர்கள் சொல்வது இதற்காகத்தான். யாழ்ப்பாணத்தில் இதோடு இன்னொன்றும் சேர்கிறது. நம் பகல் வெயில் கடுமையானது. காற்றுக்காக யன்னலைத் திறந்துவைப்பதும் விறாந்தையில் இருந்து வேலை செய்வதும் நம் வழக்கம். யன்னல் முதுகுக்குப் பின்னால் இருந்தால் திரையில் ஒளி தெறிக்கும்; முகத்துக்கு நேரே இருந்தால் கண் கூசும். யன்னல் பக்கவாட்டில் வரும்படி மேசையைத் திருப்புவது பணமே செலவில்லாத திருத்தம். அதன்பிறகு திரையின் பிரகாசத்தை அருகில் வைத்த ஒரு வெள்ளைக் கடதாசியின் வெளிச்சத்துக்குச் சமமாக வைத்தால் அளவு சரியாக இருக்கும்.

மின்சாரத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். 2022 மார்ச் இறுதியில் நாடு முழுவதும் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின் நின்றது. இன்று நிலைமை எவ்வளவோ மேல். ஆனாலும் மழைக்காலத்தில் மின் தடைப்படுவதும், வந்த வேகத்திலேயே மறுபடி போவதும் ஓய்ந்துவிடவில்லை. வேர்ட் மென்பொருள் தானாகக் காப்புப் பிரதி எடுக்கும் இடைவெளி 10 நிமிடம் என்றுதான் ஆரம்பத்தில் இருக்கும். மேசைக்கணினி வைத்திருப்பவர் அதை ஒரு நிமிடமாகக் குறைத்துவிட்டால் ஒரு பந்திக்கு மேல் இழக்க மாட்டார். அந்தப் 10 நிமிடமும் வேறொரு நாட்டின் மின்சாரத்தை எண்ணி வைத்த இடைவெளி. நாம்தான் நமக்கேற்ப மாற்றிக்கொள்ள வேண்டும்.

கண்ணில் இருந்து விரலுக்கு வருவோம். தமிழை விசைகளில் அடக்கிய முன்னோடிகளில் ஒருவர் நம் மண்ணைச் சேர்ந்தவர். 1886இல் சுண்டிக்குளியில் பிறந்து மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் சென்று வாழ்ந்த ஆர். முத்தையாவைத் தமிழ்த் தட்டச்சு இயந்திரத்தின் தந்தை என்கிறோம். அந்தத் தட்டச்சுப் பொறியின் விசை ஒழுங்கை அடியொற்றியே பிற்காலத்தில் கணினிக்கு 'பாமினி' எழுத்துரு வந்தது. தட்டச்சுப் பழகியவர்கள் புதிதாக எதையும் கற்காமல் கணினிக்கு மாற முடிந்ததால் யாழ்ப்பாணத்தின் அச்சகங்களிலும் அலுவலகங்களிலும் ரியூசன் நிலையங்களிலும் பாமினி வேரூன்றியது. கணினியில் தமிழ் எழுத எளிய வழி இல்லாதிருந்த நாட்களில் அது செய்த தொண்டு பெரிது. ஆனால் அதன் அடியில் நடப்பதைக் கிட்டத்தில் பார்க்க வேண்டும். பாமினியில் 'தமிழ்' என்று எழுதும்போது கணினி தமிழ் எதையும் சேமிப்பதில்லை. ஆங்கில ஜே, கே, பீ, ஓ என்ற நான்கு சிற்றெழுத்துகளையும் ஓர் அரைப்புள்ளியையுமே சேமிக்கிறது. ஜே எழுத்தின் மேல் தகர வடிவத்தையும், கே எழுத்தின் மேல் மகர வடிவத்தையும் எழுத்துரு போர்த்துகிறது. திரையில் தமிழ் தெரிகிறது. எழுத்துரு இல்லாத இன்னொரு கணினிக்கு அதே கோப்பு போனால் போர்வை விலகி, பொருளற்ற ஆங்கில எழுத்துகள் மட்டும் கிடக்கும்.

இதன் விளைவு அழகோடு நின்றுவிடுவதில்லை. ஆயிரம் கோப்புகள் உள்ள கணினியில் தேடல் பெட்டியில் 'சுன்னாகம்' என்று, தமிழைத் தமிழாகவே சேமிக்கும் யூனிகோட்டில் எழுதித் தேடினால் பாமினிக் கோப்பு ஒன்றுகூட அகப்படாது. உள்ளே அந்தச் சொல் இல்லையே! அகரவரிசைப்படுத்த முடியாது; பிழைதிருத்தி ஒவ்வொரு சொல்லையும் பிழை என்று கோடிடும். பார்வையற்றோர் பாவிக்கும் திரை வாசிப்பான்களில் என்விடிஏ இலவசமானது, தமிழும் வாசிக்கும். பாமினிக் கோப்பைக் கொடுத்தால் அது ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாக உச்சரிக்கும். அந்தியேட்டிக்கு வெளியிடும் கல்வெட்டுகளை நினைத்துப் பாருங்கள். ஒரு குடும்பத்தின் வம்சாவளி, ஊரின் கோயில்கள், பாடசாலைகள், புலம்பெயர்ந்த பிள்ளைகளின் விபரம் எல்லாம் அவற்றில் இருக்கும். ஊர் வரலாற்றுக்கு அவை மூலங்கள். 2005இல் தொடங்கிய நூலகம் இணையத்தளம் ஈழத்து நூல்களோடும் இதழ்களோடும் இத்தகைய நினைவு வெளியீடுகளையும் எண்ணிமப்படுத்திப் பாதுகாக்கிறது. ஆனால் அச்சகத்தின் கணினியில் எழுத்தாக இருந்ததை அச்சடித்து, அச்சடித்ததை மறுபடி படமாக வருடி, அந்தப் படத்தில் இருந்து எழுத்தை மீட்கப் பாடுபடுவது எவ்வளவு பெரிய வீண்செலவு. 1981இல் ஏறத்தாழ 97,000 நூல்களோடு பொது நூலகத்தை எரியக் கொடுத்த ஊர் நாம். ஓர் ஆவணம் இருப்பதும் அது தேடிக் கிடைப்பதும் ஒன்றல்ல என்பதை மற்றவர்களைவிட நாம் கூடுதலாக உணர வேண்டும்.

இந்த இடத்தில் அச்சகத்தார் சொல்லும் மறுப்பு வலுவானது: இருபது, முப்பது வருடமாக பாமினியில் ஓடிப் பழகிய விரல், புதிய விசைப்பலகை பழகும்வரை வேலை படுத்துவிடும். இதற்கு விடை, விரலை மாற்ற வேண்டாம் என்பதுதான். சென்னையில் இருந்து வந்த என்எச்எம் ரைட்டர், இ-கலப்பை போன்ற இலவச மென்பொருள்களில் பாமினி விசை ஒழுங்கு அப்படியே இருக்கிறது. அதே விசைகளைத் தட்டலாம்; கோப்பில் சேருவது யூனிகோட் தமிழ். 2008இல் இலங்கையின் எஸ்எல்எஸ் 1326 தரநிலையில் இடம்பெற்ற ரெங்கநாதன் விசைப்பலகையும் தட்டச்சுப் பழகியவர்களுக்கு அந்நியமானது அல்ல. பக்க வடிவமைப்பு மென்பொருள் யூனிகோட்டை ஏற்காது என்ற இரண்டாவது மறுப்பு, 2001இல் வந்த ஏழாம் பதிப்போடு நின்றுபோன பேஜ்மேக்கருக்கு முழுக்கப் பொருந்தும். இன்றைய இன்டிசைனில் பந்தி அமைப்பில் 'வேர்ல்ட் ரெடி கம்போசர்' என்பதைத் தெரிவு செய்தால் தமிழ் ஒழுங்காக வரும். புதிதாகத் தொடங்கும் பிள்ளைகளுக்கோ, 1999இல் சென்னை மாநாட்டில் ஏற்கப்பட்ட தமிழ்99 விசைப்பலகையைச் சிபாரிசு செய்வேன். உயிரெழுத்து இடக்கைப் பக்கம், மெய்யெழுத்து வலக்கைப் பக்கம். ஒரே மெய் இரட்டிக்கும்போது புள்ளி தானாக விழும். பாமினியில் ஐந்து தட்டு வேண்டிய 'அம்மா' இதில் நான்கு தட்டில் முடியும். 2019 மே மாதத்துக்குப் பிந்திய விண்டோஸ் 10இல் தமிழ்99, அஞ்சல் என்ற இரு விசைப்பலகைகளும் கூடவே வருகின்றன. எதையும் தரவிறக்கத் தேவையில்லை.

கண்ணும் விரலும் சீரானபின்தான் மற்றக் கருவிகள் பயன் தருகின்றன. அவை முழுப் பலன் தருவதற்கே யூனிகோட் தமிழ் வேண்டும். நீச்சல்காரன் என்பவர் உருவாக்கிய 'வாணி' பிழைதிருத்தி யூனிகோட்டில் எழுதியதைத்தான் திருத்தும். 'எவ்ரிதிங்' என்ற சிறு இலவச மென்பொருள் வன்தட்டில் உள்ள கோப்புப் பெயர்களை எழுதும்போதே தேடித் தரும். 'தரம் 8 வரலாறு மாதிரி வினாத்தாள்' என்று தமிழிலேயே பெயரிட்டுப் பழகிய ஆசிரியருக்கு மூன்று வருடத்துக்கு முந்திய கோப்பும் நொடியில் கிடைக்கும். விண்டோஸ் விசையையும் வீ எழுத்தையும் சேர்த்து அழுத்தினால் கடைசியாக நகலெடுத்த பல துண்டுகள் வரிசையாக வரும். ஒரே முகவரியையும் விளிப்பையும் நாள்தோறும் எழுதும் அலுவலகத்துக்கு அது பெரும் மிச்சம். பழைய நூலின் பக்கத்தைப் படமெடுத்து கூகுள் டிரைவில் ஏற்றி, கூகுள் டொக்ஸில் திறந்தால் தமிழ் எழுத்தாக மாற்றித் தரும். பிழை திருத்த வேண்டியிருக்கும், ஆனாலும் முழுவதையும் தட்டச்சுச் செய்வதைவிட இலகு. இவை எல்லாம் இலவசம். அடிப்படை சரியாக இருப்பவருக்கு மட்டுமே இவை கைகொடுக்கின்றன என்பதே கவனிக்க வேண்டியது.

கைத்தொலைபேசியில் பேசினால் எழுத்தாகிறதே, இனி விசைப்பலகை எதற்கு என்று இளைஞர்கள் கேட்கலாம். கூகுளின் குரல் தட்டச்சு 2017இல் இருந்து தமிழை ஏற்கிறது. முதியவர்களுக்கும் கை முடியாதவர்களுக்கும் அது வரப்பிரசாதம். ஆனால் நாம் பேசுவது ஒரு தமிழ், எழுதுவது ஒரு தமிழ். பேச்சு வழக்கில் சொன்னதை விண்ணப்பக் கடிதமாகவோ கட்டுரையாகவோ ஆக்க, திரையில் பார்த்துத் திருத்தத்தான் வேண்டும். திருத்தும் அந்த வேலைக்கு மறுபடியும் தெளிவான எழுத்தும் பழகிய விசைப்பலகையும் தேவை. இன்னும் சிலர், இத்தகைய திருத்தங்களே வேலையைத் தள்ளிப்போடும் சாட்டு என்பார்கள். திரையின் நிறத்தையும் பின்னணிப் படத்தையும் நாள்தோறும் மாற்றிக்கொண்டிருப்பவரைப் பற்றி அது உண்மை. இங்கே சொன்னவை ஒருமுறை செய்து மறந்துவிட வேண்டியவை. ஒரு மாலைப் பொழுதுக்குள் முடிபவை. பலன் மட்டும் அந்தக் கணினி உள்ளவரை தொடரும்.

தனியாள் செய்யக்கூடியது இவ்வளவு என்றால், கூடிச் செய்ய வேண்டியதும் உண்டு. பாடசாலைக் கணினி அறைகளில் பாமினியைக் கற்பிப்பதை நிறுத்தி, முதல் நாளிலேயே யூனிகோட் விசைப்பலகையைக் கொடுக்க வேண்டும். அலுவலகங்கள் புதிய கணினியை மேசையில் வைக்கும்போதே அளவுவிகிதம், எழுத்துரு, விசைப்பலகை மூன்றையும் தமிழுக்கு அமைத்துக் கொடுக்க வேண்டும். கல்வெட்டோ மலரோ அடிக்கக் கொடுக்கும் குடும்பங்களும் சங்கங்களும், அச்சுப் பிரதிகளோடு யூனிகோட்டில் அமைந்த கோப்பையும் அச்சகத்திடம் கேட்டு வாங்க வேண்டும். அதன் பிரதி ஒன்றை எண்ணிம நூலகத்துக்கும் அனுப்ப வேண்டும். வாடிக்கையாளர் கேட்கத் தொடங்கினால் அச்சகங்கள் மாறும். நம் கண்ணும் கையும் களைக்காமல் வேலை செய்வதும், நாம் எழுதியது நம் பேரப்பிள்ளைகள் தேடும்போது கிடைப்பதும் இந்தச் சிறிய அமைப்புகளில்தான் தங்கியிருக்கின்றன.